அவருக்குச் சரின்னா எனக்கும் சரி

சின்னவ வீடு
மே 14

என்னங்க,

நல்லபடியா போய்ச் சேர்ந்தீங்களான்னு போன்ல கேட்டாச்சு. சாப்பிட்டீங்களான்னும் கேட்டாச்சு. அதுக்கு மேல அதுல என்னத்தைக் கேட்கிறது? உங்களுக்குக் காது மந்தம்னு அங்க பெரியவன் ஸ்பீக்கர்ல போட்டுடறான். இங்க சின்னவ போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கிறா. நடுவுல பேரப்பிள்ளைங்க கூச்சல். நாம பேசறதை வீடே கேட்குது, நமக்குத்தான் ஒண்ணும் கேட்க மாட்டேங்குது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உட்கார்ந்து ஊர்ல இருக்கிற புருஷன் பொண்டாட்டிக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவ நான். எனக்குன்னு ஒரு தனி லைன் கிடைக்கலை பாருங்க. அதான் பேப்பரை எடுத்துட்டேன். தபால் தலை வாங்கிட்டு வாடின்னதும் சின்னவ சிரிச்சா. "அப்பாவுக்கு லவ் லெட்டராம்மா?"ன்னா. ஆமாண்டி, உனக்கென்னன்னேன்.

ஏர்போர்ட்ல நீங்க செஞ்ச கூத்தை நினைச்சா இப்பவும் சிரிப்பா வருது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி, பச்சை ஸ்வெட்டர் போட்ட வேற ஒரு அம்மாவைப் பார்த்துக் கையாட்டினீங்க. அந்தம்மாவும் பாவம், பதிலுக்கு ஆட்டினாங்க. நான் இந்தப் பக்கம் தூண்கிட்ட நின்னு பேந்தப் பேந்த முழிச்சுக்கிட்டு இருந்தேன். நானும் பச்சை ஸ்வெட்டர்தான், சின்னவகிட்ட கடன் வாங்கினது. நீங்க கலரைப் பார்த்தீங்க, முகத்தைப் பார்க்கலை.

ரெண்டு பேரும் சேர்ந்து இந்த வெளிநாட்டுக்கு வந்தோம், சேர்ந்து திரும்பறதாத்தான் டிக்கெட்டும் எடுத்தோம். மருமகளுக்கு வேற ஊருக்கு மாத்தலாகும்னு யார் கண்டா? பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டுப் பூட்டின வீட்டுக்கு வருதுங்கன்னு பெரியவன் சொன்னப்ப, இவ இங்க கைக்குழந்தையோட, மாப்பிள்ளை கப்பல்ல. நம்மை ஆளுக்கு ஒண்ணுன்னு பங்கு பிரிச்சுட்டாங்க. ரெண்டே மாசம், அதுக்குள்ள பிள்ளைங்களைப் பார்த்துக்க ஆள் ஏற்பாடு பண்ணிடறேன்னு சொல்லியிருக்கான். ரெண்டு மாசம் ரெண்டு மாசமாவே இருக்கட்டும்.

குழந்தை பரவாயில்லை. மாசத்துக்கு முன்னாடி பிறந்தது இல்லையா, உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இல்லை. கொஞ்சம் குடிக்கும், தூங்கிடும், மறுபடி எழுப்பிக் குடிக்க வைக்கணும். சின்னவ ஆஸ்பத்திரி லேபுக்குத் திரும்பிட்டா. நைட் ஷிப்ட்டு.

போன ஞாயித்துக்கிழமை என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனா. நீங்களும் நானும் போறதா இருந்தோமே, பஸ்ஸைத் தவற விட்டுட்டுத் திரும்பினோமே, அதேதான். சும்மா சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்தது. பெஞ்சுல உட்கார வெச்சுச் சிரிம்மான்னா, சிரிச்சேன். போட்டோ வந்திருக்கும். பக்கத்து இடத்துல பையை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் ரயிலை மறந்துடாதீங்க. நாம ரெண்டு பேர் மட்டும். மலையில ஏறி அந்தப் பக்கம் கடல்ல இறங்கறது. வேலையில இருந்தவரைக்கும் உங்களுக்கு பம்பு ஹவுஸ்ல நைட்டுன்னா எனக்குப் பகல், எனக்கு நைட்டுன்னா உங்களுக்குப் பகல். கதவுகிட்ட சாவி கை மாறினதுதான் நம்ம குடித்தனம். இனிமேயாவது சேர்ந்து இருக்கலாம்னுதானே ரிடையர் ஆனோம்.

காதுல சொட்டு மருந்து விடுங்க.

உங்க அவ


பெரியவன் வீடு
மே 30

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

கடுதாசி வந்தது. லிப்டுல வெச்சே படிச்சேன். எட்டாவது மாடி வர்றதுக்குள்ள ஒரு தரம், திரும்பக் கீழ போய் ஒரு தரம். வாட்ச்மேன் என்ன சார் எதையாவது விட்டுட்டீங்களான்னு கேட்டான்.

ஸ்வெட்டர் விஷயத்துக்கு மன்னிப்பு. அந்தம்மா உன்னை விட நல்லாவே கையாட்டினாங்க.

எனக்கு ஹால்ல ஒரு சோபா கொடுத்திருக்கான். ராத்திரி இழுத்தா கட்டில், காலையில மடக்கினா சோபா. மடக்கறதுக்குள்ள பிள்ளைங்க பால் குடிக்க வந்து உட்கார்ந்துடுதுங்க, அதனால எல்லாருக்கும் முன்னாடி எழுந்து நான் படுத்த தடமே இல்லாம பண்ணிடறேன். பிள்ளைங்க ரெண்டும் தங்கம். பெரிசு என் காதுகிட்ட வந்து கத்தும். சின்னது கத்தறதே இல்லை, சட்டையைப் பிடிச்சு இழுக்கும், அதுதான் புத்திசாலி. பஸ் ஸ்டாப்புல கொண்டு விடறேன், திரும்பக் கூட்டிட்டு வர்றேன். நடுவுல இருக்கிற நேரத்துல ஜன்னல். எட்டாவது மாடி ஜன்னல்ல காக்கா கூட வர மாட்டேங்குது.

போன வாரம் அணைக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். வாழ்நாளெல்லாம் தண்ணியை பம்பு பண்ணினவனை லீவு நாள்ல தண்ணிகிட்டயே கூட்டிட்டுப் போறான் பாரு. பேரன் தன் தொப்பியை என் தலையில வெச்சான். அது பாதி மண்டைக்குத்தான் வந்தது, எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அந்த நேரம் பார்த்து மருமக போட்டோ எடுத்துட்டா. அனுப்பறேன்னா.

இப்ப விஷயத்துக்கு வரேன். பெரியவன் ஆள் ஏற்பாடு பண்ணலை. பண்ற மாதிரியும் தெரியலை. முந்தாநாள் சாப்பிடறப்ப மெதுவா ஆரம்பிச்சான். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் முடியற வரைக்கும் இங்கயே இருங்களேன்ப்பான்னான். முடியாதுடான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நம்ம வழக்கம் விடுமா? "எனக்கென்னடா, உங்க அம்மா ஒத்துக்க மாட்டா"ன்னு சொல்லிட்டேன்.

நாம ரெண்டு பேரும் இந்தப் பிள்ளைங்ககிட்ட நேரா முடியாதுன்னு என்னைக்காவது சொல்லியிருக்கோமா? சினிமாவுக்குப் போகணும்னா நீ, "அப்பா வேண்டாங்கறார்". சைக்கிள் வேணும்னா நான், "அம்மா திட்டுவா". வீட்டுல இல்லாத ஆள் தலையில போட்டுடுவோம். ஷிப்ட்டு மாறி மாறி வந்ததால அதுக்கு வசதியாவும் இருந்தது.

அதனால அவன் உன்னைக் கேட்பான். பள்ளிக்கூடம் திறந்ததும் கேட்கிறேன்னு சொல்லியிருக்கான், அதுக்குள்ள இது உன் கைக்கு வந்துடும். கேட்டா தயவு தாட்சண்யம் பார்க்காதே. எக்ஸ்சேஞ்சுல "லைன் பிஸி"ன்னு சொல்லுவியே, அந்தக் குரல்ல முடியாதுன்னு சொல்லிடு. திட்டு என் மேல விழட்டும், உன் மேல விழட்டும், டிக்கெட் தேதிக்கு நீ வந்துடணும்.

சொட்டு மருந்து விட்டேன். ஒண்ணும் புதுசா கேட்கலை.

உன் பம்பு


சின்னவ வீடு
ஜூன் 9

என்னங்க,

உங்ககிட்டேருந்து இன்னும் தபால் வரலை. ஆனா கேட்க வேண்டியதை ஞாயித்துக்கிழமை போன்லயே கேட்டுட்டேன்.

பெரியவன், "அப்பா இங்க ரொம்ப சந்தோஷமா இருக்கார்மா, அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கட்டுமா? நீங்க சரின்னா அவருக்குச் சரியாம்"னான். நீங்க பக்கத்துல உட்கார்ந்திருந்தது போன் திரையில தெரிஞ்சது, மண்டையில பாதியும் ஒரு காதும். பேசுவீங்கன்னு பார்த்தேன். அணைக்கட்டு போட்டோ அதுக்கு முந்தின நாள்தான் வந்திருந்தது. சின்னத் தொப்பியை வெச்சுக்கிட்டு வாய் கொள்ளாம சிரிக்கிறீங்க. என்கூட எடுத்த போட்டோ ஒண்ணுலயாவது அப்படிச் சிரிச்சிருக்கீங்களா? சரி, மனுஷனுக்குப் பேரப்பிள்ளைங்களோட இருக்கப் பிடிச்சிருக்கு, நான் ஏன் குறுக்கே நிக்கணும்னு நினைச்சேன். "அவருக்குச் சரின்னா எனக்கும் சரி"ன்னுட்டேன்.

நீங்க அப்பவும் தலையை மட்டும் ஆட்டினீங்க. அந்தத் தலையாட்டல் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. வேணும்னே எழுதறேன், படிங்க.

போனை வெச்சதும் சின்னவ ஆரம்பிச்சா. அப்பாவே அங்க இருக்கப் போறார், நீங்க மட்டும் போய் தனியா என்னம்மா பண்ணப் போறீங்க, இருங்களேன், விசாவை நீட்டிக்கலாம்னா. நான் உங்களை நம்பி, "உங்க அப்பா ஒத்துக்க மாட்டார்டி"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை கேட்பா. அங்க வேணும்னா நீங்க இருந்துக்குங்க. எனக்கு வீட்டுக்குப் போகணும். ஒரேயடியா முடியாதுன்னு சொல்லிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

உங்க அவ


சின்னவ வீடு
ஜூன் 15

உங்க கடுதாசி இன்னைக்குத்தான் வந்தது. நேத்து ஞாயித்துக்கிழமை.

நேத்து சின்னவ உங்களைக் கேட்டா. "அம்மா அங்கயே இருக்கட்டுமேம்மா, எனக்கென்ன"ன்னு சொன்னீங்க. முகத்துல ஒரு சுருக்கம் இல்லாம சொன்னீங்க.

நான் என்னத்தை எழுதறது. தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. உங்க தலையிலயா என் தலையிலயான்னுதான் தெரியலை.


பெரியவன் வீடு
ஜூலை 1

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

ரெண்டு கடுதாசியும் ஒரே நாள்ல வந்தது. எதை முதல்ல பிரிக்கிறதுன்னு தெரியாம சின்னதை முதல்ல பிரிச்சுட்டேன். அதுக்கப்புறம் பெரிசைப் படிச்சதும்தான் நான் எவ்வளவு பெரிய மடையன்னு புரிஞ்சது.

அன்னைக்கு நீ பேசினது எனக்கு எப்படிக் கேட்டதுன்னு சொல்றேன். "எனக்கும் சரி"ன்னு மட்டும் கேட்டது. முன்னாடி சொன்னது காதுல விழலை. ஏரிக்கரைப் போட்டோவுல நீயும் சிரிச்சுக்கிட்டுத்தானே இருந்தே. குழந்தையை விட்டு வர இவளுக்கு மனசில்லை, அது என் வாயால வரட்டும்னு பார்க்கிறா போலன்னு நினைச்சேன். கோபம் வந்தது. அந்தக் கோபத்துலதான் அடுத்த ஞாயித்துக்கிழமை "இருக்கட்டுமே"ன்னு தாராளமா தூக்கிக் கொடுத்தேன். ஒத்துக்க மாட்டார்னு நீ என்னை நம்பினே, ஒத்துக்க மாட்டான்னு நான் உன்னை நம்பினேன். பிள்ளைங்க மேல தப்பே இல்லை. பாவம், ரெண்டும் கேட்டுத்தான் செய்யுதுங்க.

இதுல இன்னொண்ணு இருக்கு. எப்படி எழுதறதுன்னு ரெண்டு நாளா பேனாவைத் திறந்து திறந்து மூடறேன்.

ஊர்ல நம்ம வீடு பூட்டியே கிடக்கு, மழை வந்தா சுவர் ஊறிப் போகும், நல்ல குடும்பம் ஒண்ணு வந்திருக்கு, ரெண்டு வருஷத்துக்கு வாடகைக்குக் கொடுத்துடலாம்பான்னு பெரியவன் கேட்டான். நீ அங்கயே இருக்கப் போறதா நான் நினைச்ச வாரம் அது. அவ அங்க, நான் இங்க, வீடு யாருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். அன்னைக்கு என் புத்தி அவ்வளவுதான் வேலை செஞ்சது. உன்னைக் கேட்கலை. இருபதாம் தேதி குடி வர்றாங்க. அடுத்த வாரம் போய் சாமானை ஒரு ரூம்ல அடைச்சுட்டு வரணும்.

திட்டு. நல்லா திட்டி எழுது.

உன் பம்பு


சின்னவ வீடு
ஜூலை 15

திட்டச் சொன்னீங்க. திட்டவும் தெம்பு இல்லை.

அந்த வீட்டுல எந்தச் சுவர் எந்த வருஷம் எழுப்பினோம்னு உங்களுக்குத் தெரியாதா? நான் எக்ஸ்சேஞ்சுல ஓவர்டைம் பார்த்தது எதுக்கு, நீங்க லீவு நாள்ல அடுத்தவன் ஷிப்ட்டைப் பார்த்தது எதுக்கு? கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஸ்பீக்கர்லதான் கேட்கணும்னாலும் கேட்டிருக்கலாமே. வேண்டாங்கன்னு நாலு பேருக்கு முன்னாடி அழுதிருப்பேன், அழுதா என்ன? வீராப்பு மட்டும் குறையாது. நான் இங்க இருக்கேன்னு சொன்னேன்னு நீங்க நினைச்சீங்க, அதனால வீட்டைத் தூக்கிக் கொடுத்துட்டீங்க. பொண்டாட்டி மேல கோபம்னா சோறு வேண்டாம்னு சொல்லுவாங்க, உங்களை மாதிரி வீட்டையே கொடுக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

எழுதிட்டேன். ஆத்திரம் கொஞ்சம் ஆறிடுச்சு. அடுத்ததைக் கேளுங்க.

முந்தாநாள் நானே சொல்லிடறதுன்னு முடிவு பண்ணினேன். உங்களை இழுக்காம, நேரா, டிக்கெட் போடும்மா நான் ஊருக்குப் போறேன்னு. சொல்றதைக் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். காலையில சின்னவ வேலையிலேருந்து வந்தா. பைகூட இறக்கலை, நேரா குழந்தைகிட்ட போய் மூக்குகிட்ட விரலை வெச்சுப் பார்த்தா. தினமும் அப்படித்தான் பார்க்கிறா. மூச்சு வருதான்னு. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதாம்மா அங்க நின்னு வேலை பார்க்கிறேன்"னா.

நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

குழந்தைக் காப்பகத்துல விசாரிச்சோம். இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும், இவ்வளவு சின்னதை எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க. மாப்பிள்ளை கப்பல்லேருந்து எப்பவாவது பேசறார், குழந்தையைக் காட்டச் சொல்லிட்டு அவரும் அழறார். யாரைப் போய் நான் கோவிச்சுக்கறது?

என்னால சொல்ல முடியலைங்க. நீங்கதான் சொல்லணும். நீங்க அப்பா. வாயைத் திறந்து ஒரு தரம் சொல்லுங்க.


பெரியவன் வீடு
ஜூலை 30

அன்புள்ள எக்ஸ்சேஞ்சுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. வாங்கிக்கிட்டேன்.

வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். ரயில்ல எதிர் சீட்டுல ஒரு புருஷன் பொண்டாட்டி, நம்ம வயசுதான் இருக்கும். ஜன்னலோர இடத்துக்கு வழி முழுக்கச் சண்டை. ஆளுக்கு ஒரு ஸ்டேஷன்னு முறை வெச்சுக்கிட்டு மாறி மாறி உட்கார்ந்தாங்க. நான் ஜன்னலோரத்துலதான் இருந்தேன், கேட்க ஆள் இல்லை. அக்டோபர் ரயில் இந்தப் பாதையிலதான் போகும். நம்ம டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். ஏன்னு கேட்காதே.

சாமானைப் பின்பக்க ரூம்ல அடைச்சேன். கட்டிலைப் பிரிக்க முடியலை, துரு பிடிச்சுப் போல்ட்டு சுத்த மாட்டேங்குது. பம்பு ஹவுஸ்ல எவ்வளவு பெரிய வால்வைத் திருப்பின கை, ஒரு கட்டில் போல்ட்டுக்குத் தோத்துடுச்சு. குடி வர்ற பையன் வந்து ரெண்டு தட்டு தட்டிக் கழட்டினான். நல்ல பையன். அவன் பொண்டாட்டி, "உங்க வீட்டம்மா வரலியா?"ன்னு கேட்டா. வெளிநாட்டுல இருக்காம்மான்னேன். கொடுத்து வெச்சவங்கன்னா. ஆமான்னு சொல்லிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

நீ சொல்லச் சொன்னியே, சொல்லிப் பார்த்தேன். போன சனிக்கிழமை. பெரியவன், மருமக வேலைக்குப் போட்டுக்கிட்டுப் போற துணிமணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தான். அவ பஸ்ஸுல வந்து இறங்கி, சாப்பிடற மேஜையிலயே தலையைச் சாய்ச்சுத் தூங்கிட்டு இருந்தா. நான் பக்கத்துல போய், உங்க அம்மாவும் நானும் இப்படி ஆளுக்கு ஒரு மூலையில இருக்கறது சரியாப் படலைடான்னேன். அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வெச்சுட்டு என்னைப் பார்த்தான். கோபமெல்லாம் இல்லை. "நானும் இவளும் வாரத்துக்கு ஒரு நாள்தானேப்பா பார்த்துக்கறோம். சின்னவ வீட்டுக்காரர் பாதி வருஷம் கடல்ல இருக்கார். இந்தக் குடும்பத்துல யாருப்பா சேர்ந்து இருக்காங்க?"ன்னான்.

அவன் சொன்னதுல தப்பு எங்க இருக்குன்னு நானும் அன்னையிலேருந்து தேடறேன். உங்களுக்கு வயசு இருக்குடா, எங்களுக்கு இல்லைன்னு சொல்லியிருக்கலாம். பெத்த பிள்ளைகிட்ட அதை எப்படிச் சொல்றது? இஸ்திரி போட்ட சட்டையை வாங்கி மடிச்சுக் கொடுத்தேன். அவ்வளவுதான் முடிஞ்சது.

இங்கேயும் யார் மேலயும் கோபம் வர மாட்டேங்குது. அதான் பெரிய கஷ்டமா இருக்கு. ஒருத்தனாவது கெட்டவனா இருந்தா கத்திட்டுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடலாம்.

ஆனா ஒண்ணு. சொல்லாமயே செத்துப் போயிடுவேனோன்னு ஒரு பயம் வந்துடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை போன்ல சொல்லப் போறேன். உன் தலையில போடாம, எனக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லப் போறேன். பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, யார் கேட்டாலும் கேட்கட்டும். இது உன் கைக்கு வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருப்பேன். வெட்கப்படாதே.

உன் பம்பு


சின்னவ வீடு
ஆகஸ்ட் 13

என்னங்க,

நீங்க வெட்கப்படாதேன்னு எழுதின கடுதாசி இன்னைக்கு வந்தது. பட்டு முடிச்சாச்சு.

காது கேட்காதவங்க எல்லாரும் கத்திப் பேசுவாங்கன்னு தெரியும். அதுக்காக அப்படியா? "எனக்கு உங்க அம்மாவோட இருக்கணும்டா. எந்த ஊரா இருந்தாலும் சரி, எந்த மூலையா இருந்தாலும் சரி, அவகூட இருக்கணும்." பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நம்ம பாஷை தெரியாது, அது வரைக்கும் பிழைச்சோம். பேரன் சிரிச்சான். பெரியவன் முகத்துல ஈயாடலை. கல்யாணம் ஆன நாள்லேருந்து நீங்க என்கிட்ட சொல்லாததை என் பிள்ளைங்ககிட்ட சொன்னீங்க. சந்தோஷமான்னு கேட்டா, ஆமாங்க, சந்தோஷம்தான். முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னுதான் தெரியலை.

சின்னவ போனை என் கையில கொடுத்துட்டு உள்ள போயிட்டா. அங்கயும் எல்லாரும் எழுந்து போற சத்தம் கேட்டது. முதல் தடவையா நீங்களும் நானும் மட்டும். "நீ என்ன சொல்றே?"ன்னு கேட்டீங்க. உங்களுக்குக் கேட்கணும்னா நான் கத்தணும். கத்தினா அடுத்த ரூம்ல அவளுக்குக் கேட்கும். அதனாலதான் எழுதறேன்னு சொன்னேன். அதுவும் உங்களுக்குக் கேட்கலை, மூணு தரம் சொல்ல வேண்டியதாப் போச்சு.

அதை இப்ப எழுதறேன். எனக்கும் நீங்க வேணும். காலையில எழுந்து பக்கத்துல நீங்க குறட்டை விடற சத்தம் வேணும். ஒரு ரூம் போதும், வாடகை வீடு போதும், ரெண்டு ஊருக்கும் நடுவுல ஏதாவது ஒரு ஊர் போதும். இந்த வயசுல இதை எழுதறதுக்கு எனக்கு இப்ப வெட்கம் இல்லை.

உள்ள போய்ப் பார்த்தப்ப சின்னவ குழந்தைக்குத் துணி மாத்திக்கிட்டு இருந்தா. திரும்பாமலே, "போங்கம்மா. அப்பாகிட்ட போங்க. நான் பார்த்துக்கறேன்"னா. குரல்ல ஒரு துளி கோபம் இல்லை. எப்படிடி பார்த்துப்பேன்னேன். வேலையை விட்டுடறேன்னா. படிச்ச படிப்பு, வாங்கின வேலை, அந்தச் சம்பளத்துல இந்த வீட்டுக்குக் கட்ட வேண்டிய கடன் எல்லாம் எனக்குத் தெரியும். அவ ஒண்ணையும் சொல்லலை. சாயந்திரம் ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலேருந்து என் பெட்டியை இறக்கித் துடைச்சு வெச்சா. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் இருக்கும்மா, போட்டுடட்டுமான்னு கேட்டா. போடுன்னு சொன்னேன். ஆமாங்க, சொன்னேன். முதல் தடவையா யார் தலையிலயும் போடாம நானே சொன்னேன்.

பெட்டியில துணியும் வெச்சேன். பெரியவனும் தனியா என்கிட்ட பேசினான். வாங்கம்மா, இங்க வேற வீடு பார்த்துக்கலாம், பிள்ளைங்க கூட ஹால்ல தூங்கிக்கும்னான். எல்லாரும் நல்லவங்களா இருந்து தொலைக்கிறாங்க.

நேத்துக் காலையில சின்னவ வேலையிலேருந்து வந்த சத்தம் கேட்டது. கதவு திறந்தது, ஆனா ஆளைக் காணோம். போய்ப் பார்த்தேன். செருப்பு வைக்கிற பலகை மேல உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தா. ஒரு ஷூவைக் கழட்டிக் கையில வெச்சிருந்தா, இன்னொண்ணு கால்லயே இருந்தது. கீழ உட்கார்ந்து அதை நான் கழட்டினேன். கண்ணைத் திறந்து, டிக்கெட் உறுதியாயிடுச்சும்மா, பெட்டி எடை சரியா இருக்கான்னு பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டு மறுபடியும் தூங்கிட்டா.

பெட்டியிலேருந்து துணியை எடுத்துத் திரும்ப அலமாரியில வெச்சுட்டேன். அவ இன்னும் பார்க்கலை.

கோவிச்சுக்காதீங்க. கோவிச்சுக்கிட்டாலும் சரிதான், உங்களைத் தவிர நான் வேற யாருக்கு இதை எழுதுவேன்? போகாதீங்கம்மான்னு ஒரு வார்த்தை அவ சொல்லியிருந்தா, சண்டை போட்டுட்டாவது உங்ககிட்ட வந்திருப்பேன். போங்கன்னு சொல்லிட்டா. இனிமே நான் எப்படிங்க வர்றது?